வெற்றி பெறாத உழைப்பு

தொழிலில் பேர் பெற்ற ஒருவர் கல்லூரி மேடையேறித் தாம் பட்ட பாட்டைச் சொல்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். உழைப்பின் அருமையை இன்றுதான் உணர்ந்தோம் என்று சொல்லிக் கலைகிறார்கள். அவர்கள் மதித்தது உழைப்பையா, வெற்றியையா? இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்து நிற்பதால் எது எதுவென்று எளிதில் தெரிவதில்லை.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்த ஊரே ஒரு வணிகரின் செல்வத்தில் எழுந்தது. அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929இல் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாயிற்று. அங்கே படிக்கும் பிள்ளைகள் பலரின் வீட்டில் வயல்வேலையும் மீன்பிடியும் சுரங்க ஒப்பந்த வேலையும் உண்டு. உழைப்பை அறிய அவர்கள் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் வீட்டில் தினமும் கண்ட உழைப்பு, கோட்டு அணிந்தவர் வாயால் கேட்கும்போதுதான் பெருமைக்குரியதாகத் தெரிகிறது.

மாவட்டத் தலைநகரான கடலூரிலேயே இதை எடைபோட ஒரு வரலாறு இருக்கிறது. சின்னிகிருஷ்ணன் என்பவர் சிறிய அளவில் பொருள்களைத் தயாரித்து விற்றவர். டப்பாவில் மட்டுமே கிடைத்த முகப்பவுடரைச் சின்னச் சின்னப் பொட்டலங்களில் போட்டுப் பார்த்தார். தாம் செய்யும் எதையும் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று மகன் சி. கே. ரங்கநாதன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பொருள் செய்வதில் கெட்டிக்காரரான தந்தைக்கு அதை விற்கும் வித்தை கைவரவில்லை என்பதும் மகன் சொன்னதுதான். அந்த மகன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கினார். தந்தை பெயரிலிருந்தே ‘சிக்’ ஷாம்புவுக்குப் பெயர் எடுத்தார். கிராமம் கிராமமாகப் போய்த் தலையில் தேய்த்துக் காட்டினார்கள். காலி பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் புதிய பாக்கெட் இலவசம் என்றார்கள். அந்த நிறுவனமே பின்னாளில் கவின்கேர் ஆயிற்று.

தந்தை, மகன் இருவருக்கும் எண்ணம் ஒன்று. ஒருவருக்குச் சந்தை வழிவிட்டது, மற்றவருக்கு விடவில்லை. தந்தை பெயரில் புத்தாக்க விருது வழங்கும் ஏற்பாட்டை மகனின் நிறுவனம் செய்திருக்கிறது. பலன் காணாத உழைப்புக்கு மகன் செய்த நியாயம் அது. ஆனால் மகன் வென்றிருக்காவிட்டால் தந்தையின் பெயர் வெளியூருக்குத் தெரிந்திருக்குமா? வென்று காட்டப் பிள்ளை வாய்க்காத எத்தனையோ பட்டறைக்காரர்களின், பெட்டிக்கடைக்காரர்களின் பாடு ஊர் நினைவில்கூட நிற்கவில்லை.

இந்தப் பார்வைக்கோளாறு பழையது. சிதம்பரத்தையே நாடும் கதை ஒன்று இதைக் காட்டுகிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திர’த்தில், தில்லைக்குப் போக விடை கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். பெரியபுராணத்தில் இல்லாத இந்த வேதியர் பாரதியாரின் படைப்பு. ஒரே இரவில் இறையருளால் வேலை முடிந்துபோக, வேதியர் நந்தன் காலில் விழுகிறார். பக்தியின் வெற்றி என்று இதைக் கொண்டாடுகிறோம். ஆனால் அதே நிலத்தில் நந்தன் வெயிலிலும் சேற்றிலும் குனிந்து நின்ற நாட்களில் வேதியருக்கு மரியாதை தோன்றவில்லை; அற்புதம் நடந்த பிறகே தோன்றியது. இன்று அந்த அற்புதத்தின் இடத்தில் ஆண்டு வருமானக் கணக்கை வைத்திருக்கிறோம்.

வெற்றியை மதிப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இளைஞருக்கு முன்மாதிரி வேண்டும்; பலன் தந்த முயற்சியிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. அதோடு, பாடுபட்டார் என்பதாலேயே ஒருவர் வணக்கத்துக்குரியவர் ஆகிவிட மாட்டார். கலப்படக்காரரும் இரவெல்லாம் கண்விழித்துத்தான் உழைக்கிறார். ஆகவே உழைப்பை எடைபோட வியர்வை மட்டும் போதாது. அது யாருக்குப் பயன்பட்டது, யார் முதுகில் சுமையை ஏற்றியது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அன்றாடக் கூலி வாங்குபவர் அன்றைய காசில் வாங்கும்படி ஒரு பொருளை ஆக்கியது உண்மையான தொண்டு. அதே பாக்கெட் காலியான பின் சாக்கடையை அடைக்கிறது. அதை வாரி எடுப்பது தூய்மைப் பணியாளரின் கை. தொழில்முனைவரின் கதையைச் சொல்லும்போது இந்தக் கையையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஊழுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். முயற்சியைப் போற்றியவர், மனிதர் கையில் இல்லாதவையும் உண்டு என்பதை மறைக்கவில்லை. வெற்றிக் கதைகளோ ஆள்வினையுடைமையை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடுகின்றன. அதன் விளைவு கொடியது: உழைத்தால் உயரலாம் என்ற நல்ல சொல், உயராதவர் உழைக்கவில்லை என்ற பழியாகத் திரும்பிவிடுகிறது.

உழைப்பை மதிக்கிறோம் என்று சொல்லும் சமூகத்தில்தான், கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர நேர்ந்தது. நாள் முழுதும் நிற்பதையே உழைப்பின் அடையாளமாக முதலாளிகள் மட்டும் எண்ணவில்லை. துணி எடுக்கப் போன நாமும் எண்ணினோம். மரியாதை என்பது கைதட்டலோடு முடிவதில்லை. உரிய கூலி, சொன்ன நாளில் சம்பளம், உட்கார இடம் என்று அது செலவு வைக்கும். செலவு வைக்காத மரியாதையை யாரும் நம்ப வேண்டியதில்லை.

தொழிலதிபரைச் சந்திக்கும் மாணவர் அவரைப் போற்றட்டும். கூடவே, தொடக்க நாளில் உங்களோடு உழைத்தவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்காதவரே போற்றத் தக்கவர். இந்தக் கேள்வி மாணவருக்கும் காப்பு. மேடையில் கேட்ட கதையை நம்பித் தொழில் தொடங்குவோர் எல்லோரும் வெல்லப்போவதில்லை. தோற்றவர் பட்ட பாட்டை மதிக்கப் பழகாதவர், தாம் தோற்கும் நாளில் தம் உழைப்பையே வீண் என்று எண்ணிவிடுவார்.