எழுப்பும் உரிமை

தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எழுப்பித்தான் தீரவேண்டுமென்றால் உலுக்கக் கூடாது, பேர் சொல்லி மெதுவாகக் கூப்பிட வேண்டும் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாளையே அப்படித்தான் எழுப்புகிறோம். தொண்டரடிப்பொடியாழ்வார் அதற்கென்றே பத்துப் பாசுரங்களில் திருப்பள்ளியெழுச்சி பாடி வைத்தார். இத்தனைக்கும் அங்கே பள்ளிகொண்டிருப்பவர் நம்மைப் போல் உறங்குகிறவர் அல்லர். அந்த நிலைக்குத் தமிழில் ‘அறிதுயில்’ என்று பெயர். கண் மூடியிருக்கும், அறிவு மூடியிருக்காது.

இந்தச் சொல்லை ஒரு மடிக்கணினிக்குப் பயன்படுத்தினால் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை. கணினியை மூடி வைத்தால் அது அணைந்துவிடுவதில்லை. திரை இருண்டுவிடும்; கணக்குப் போடும் மூளைப் பகுதியும் ஓய்ந்துவிடும். ஆனால் நாம் அரைகுறையாக விட்டுவிட்டுப் போன வேலையை நினைவுச் சில்லு தாங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சில்லில் எழுதியது நிலைத்து நிற்பதில்லை. வழக்கமாக 64 மில்லி வினாடிக்குள், அதாவது ஒரு வினாடிக்குப் பதினைந்து தடவைக்கும் மேலாக, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் மறந்து போகும். வெளியே பார்த்தால் தூக்கம். உள்ளே ஓயாத ஜபம்.

1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று கம்பெனிகள் சேர்ந்து இந்தத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் பொதுவான விதிகளை வகுத்தன. தமிழ்நாட்டில் 2011-இல் அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, இந்தத் தூக்கம் நம் கூடங்களுக்கும் திண்ணைகளுக்கும் பழக்கமாகிவிட்டது. கூடவே, தூங்கப் போன கணினி எழுந்திருக்க மறுக்கும் தொல்லையும் பழக்கமாகிவிட்டது. திரை, விசைப்பலகை, வலைத்தொடர்பு என்று ஒவ்வொரு பகுதியும் முறைப்படி கண் விழிக்க வேண்டும். ஒன்று சண்டித்தனம் செய்தால் மொத்தமும் இருட்டாய்க் கிடக்கும்.

இதற்கு எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. பவர் பட்டனைப் பத்து வினாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் கணினி செத்துப் பிழைக்கும். பழுது அநேகமாகத் தீர்ந்துவிடும். ஆனால் அது நெஞ்சில் தாங்கிக்கொண்டிருந்ததும் போய்விடும். கணினியைப் பற்றிய இந்தச் சின்ன விஷயத்துக்குள் ஒரு பெரிய தர்ம சங்கடம் ஒளிந்திருப்பதை ஓர் இரவு திருவெறும்பூரில் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழுந்த பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குக் கொஞ்ச நாளாக மறதி. காலையில் சாப்பிட்டதைச் சாயங்காலம் கேட்டால் தெரியாது. ஆனால் என்றாவது ஒரு பிற்பகலில், மேகம் விலகினாற்போல், எழுபது வருஷத்துக்கு முந்திய சங்கதிகளைக் கோவையாகச் சொல்வார். அன்று அப்படிச் சொல்லியிருக்கிறார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்திருக்கிறாள். பாட்டி கண்ணயர்ந்ததும், அவரைப் படுக்க வைக்கிற அவசரத்தில் கணினியை அப்படியே மூடிவிட்டாள்.

இரவு எட்டரை மணிக்கு அவளுடைய தகப்பனார் அதைத் திறந்தார். மகனைக் கல்லூரியில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்துக்கு அன்று நள்ளிரவுதான் கடைசி நேரம். சான்றிதழ்களின் பிரதிகளெல்லாம் அந்தக் கணினிக்குள்தான் இருந்தன. திரையோ இருட்டு.

“பட்டனை அழுத்திப் பிடிச்சா வந்துடும்” என்று கையைக் கொண்டு போனார்.

“ஐயோ அப்பா, வேண்டாம்! பாட்டி சொன்னதெல்லாம் அதுக்குள்ளே இருக்கு. நான் இன்னும் சேவ் பண்ணலை.”

“பாட்டி நாளைக்கும் சொல்லுவாங்கம்மா. காலேஜ் நாளைக்கு வாங்கிக்குமா?”

இதில் யார் பக்கம் நியாயம்? இரண்டு பேர் பக்கமும் இருந்தது. அதனால்தான் அது சங்கடம். ஒரு பையனின் எதிர்காலம் ஒரு தட்டில். ஒரு கிழவியின் இறந்த காலம் மறு தட்டில். எந்தத் தராசு இதை நிறுக்கும்?

பெரியவர்தான் மகனை நிறுத்தினார். “இருப்பா. நின்னு போன பாய்லரை எடுத்த எடுப்பில் கொதிக்க வைக்க முடியுமா? உள்பக்கம் சூடேறி வெளிப்பக்கம் ஆறிக் கிடந்தா தகடே வெடிச்சுப் போகும். மணிக்கணக்கா, படிப்படியா ஏத்தணும். எதுவும் கெடாத காரியத்தை முதல்லே செய்வோம். கெடுக்கிற காரியம் எங்கே ஓடிப் போகுது, கடைசியிலே செஞ்சுக்கலாம்.”

அப்படியே செய்தார்கள். முதலில் சார்ஜரைச் செருகினார்கள்; தூங்கும் கணினியும் மின்சாரம் தின்னும், மின்கலம் காலியானால் நினைவும் காலி. பிறகு பவர் பட்டனை ஒரே ஒரு முறை தட்டிவிட்டுப் பொறுத்திருந்தார்கள். பேத்தி கேப்ஸ் லாக் விசையை அழுத்தினாள். அதன் சிறு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினாள், அணைந்தது. உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, முகம் மட்டும் இருண்டிருக்கிறது என்று தெரிந்தது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி என்ற நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையை நடத்தும் பகுதி மட்டும் புதிதாய்த் தொடங்கும். திறந்திருக்கும் வேலை கெடாது. அதையும் செய்தார்கள். ‘பீப்’ என்று ஒரு சத்தம் கேட்டது; படம் வரவில்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கம்பி போட்டு இணைத்தார்கள். அதிலும் வரவில்லை.

மணி பத்தே முக்கால். தகப்பனார் இப்போது பட்டனைத் தொடவில்லை, மகளைப் பார்த்தார். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தானே விரலை வைத்துப் பத்து வரை எண்ணினாள்.

கணினி எழுந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. எழுதும் செயலி பத்து நிமிஷத்துக்கொரு முறை தானாகவே எடுத்து வைத்திருந்த பிரதியால் பாட்டியின் கதையில் பெரும்பகுதி பிழைத்தது. கடைசிப் பக்கம் மட்டும் போயிற்று. மறுநாள் அதைப் பற்றிக் கேட்டதற்குப் பாட்டி சிரித்துவிட்டு வேறு ஏதோ சொன்னாராம்.

“எட்டரை மணிக்கே அழுத்தியிருந்தாலும் இதே பலன்தானே? இரண்டு மணி நேரம் வீண்” என்று காரியவாதிகள் கேட்கலாம். பலனை மட்டும் கணக்கிட்டால் அது சரி. ஆனால் எட்டரை மணிக்குத் தகப்பனார் அழுத்தியிருந்தால் அது ஒரு பறிமுதல். பத்தே முக்காலுக்கு அவள் அழுத்தியது ஒரு கொடை. காணாமற்போன பக்கம் ஒன்றேதான். அந்த வீட்டில் அது விட்டுச்செல்லும் வடு ஒன்றல்ல. யார் இழக்கப் போகிறாரோ அவர் கையில்தான் அந்த முடிவு இருக்க வேண்டும். அவசரப்படுகிறவர் கையிலோ பலசாலியின் கையிலோ இருக்கக் கூடாது.

இதைக் கணினியோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. நம் குடும்பங்களில் பேச்சை நிறுத்திக்கொண்ட மனிதர்கள் எத்தனை பேர்! வேலை போனதைச் சொல்லாத மகன். கல்யாணப் பேச்சை எடுத்தாலே உள்ளே போய்விடும் பெண். மனைவியை இழந்தபின் சாய்வு நாற்காலியை விட்டு எழாத தாத்தா. முகம் இருண்டிருப்பதைப் பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். “இன்றைக்கு இரண்டில் ஒன்று சொல்லு” என்று பட்டனை அழுத்திப் பிடிக்கிறோம். பதில் வந்துவிடுகிறது. ஆனால் பதில் சொல்கிறவர் பழைய ஆள் அல்லர். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்து வைத்திருந்ததை அந்த ஒரு கணத்தில் உதிர்த்துவிட்டு எழுந்தவர். அவரிடம் அது என்னவென்று இனிக் கேட்டுப் பயனில்லை.

அதற்காகச் சும்மா இருப்பதே தர்மம் என்று நான் சொல்லவரவில்லை. பொறுமை என்ற பெயரில் நாம் பாராமுகமாக இருந்துவிடுவதும் உண்டு. கவனிப்பாரற்ற தூக்கத்தில் மின்கலம் தீர்ந்துகொண்டே போகிறது; பட்டனைத் தொடாத கையும் நினைவை அழிக்கும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது கேள்வி கேட்பதல்ல, சார்ஜரைச் செருகுவது. ஒரு வேளை சாதம், பக்கத்தில் ஓர் ஆள், பதிலை எதிர்பாராத நாலு வார்த்தை. பிறகு, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒரு சின்னத் தொடுகை. இப்படிக் கெடுக்காத வழிகளெல்லாம் தீர்ந்த பிறகுதான் மற்றது. உயிருக்கே ஆபத்து என்றால் ஒழிய, அதையும் அவரைக் கேட்டுக்கொண்டுதான்.

திருவெறும்பூர் என்ற பேருக்கே ஒரு கதை உண்டு. அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு உருவெடுத்து அங்குள்ள மலைக்கோயிலுக்கு வந்தார்களாம். லிங்கம் வழுக்கியது, ஏற முடியவில்லை. எறும்பீசர் அவர்களைத் தூக்கி எடுத்துக்கொள்ளவில்லை, வேகமாக ஏறு என்று அதட்டவுமில்லை. புற்றாக மாறி, கொஞ்சம் சாய்ந்து கொடுத்தாராம். இருட்டில் கிடக்கும் ஒரு மனத்தின் முன்னால் நிற்கும்போது, நம் விரலின் பலத்தைவிட அந்தச் சாய்வு எவ்வளவு பெரிய பலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.