தவமும் அஹிம்சையும் முரண்படும்போது

பெங்களூர் காக்ஸ் டவுனில் விடியற்காலை வேளையில், சுருட்டிய பாயைத் தோளில் மாட்டிக்கொண்டு யோகாசன வகுப்புக்கு விரைபவர்களைக் காணலாம். பழைய கண்டோன்மென்ட்டை ஒட்டிய இப்பகுதியில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கும்; வகுப்பிலும் அப்படியே. அங்கு வரும் ஐம்பது வயதுக் குடும்பஸ்தர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பத்மாசனத்திற்கு அவரது முழங்கால் இணங்கவில்லை. பக்கத்துப் பாயில் ஓர் இளைஞன் எளிதாக அமர்ந்திருக்கிறான். வலியைப் பொறுப்பதுதானே தவம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்து மடிக்கிறார் அவர். ஒரு வாரம் நொண்டுகிறார்.

அவர் செய்தது தவமா, ஹிம்சையா?

இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் யோக சாஸ்திரத்தின் முதல் இரு படிகளுக்கு இடையிலேயே இது எழுகிறது. பதஞ்ஜலி முனிவர் கூறும் எட்டு அங்கங்களில் முதலாவது யமம். அதன் தொடக்கமே அஹிம்சை. இரண்டாவதான நியமத்தில் தூய்மை, போதுமென்ற மனம் ஆகியவற்றை அடுத்து வருவது தவம். ஆசனம் இவற்றுக்கெல்லாம் பிறகே, மூன்றாவது அங்கமாக வருகிறது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தையே முன்வைத்து எட்டு உறுப்புகளையும் விளக்குகிறார். எனவே, பாயில் அமரும் சாதகன் அதற்கு முன்பே இரண்டு கட்டளைகளை ஏற்றுக்கொண்டவன்: எவ்வுயிரையும் துன்புறுத்தாதே, உன்னை வருத்தித் தவம் செய். அந்த 'எவ்வுயிரும்' என்பதில் அவனது சொந்த உடம்பு அடங்குமா?

பதஞ்ஜலியின் நூலில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே சூத்திரங்கள். எந்த ஆசனத்தின் பெயரும் அவற்றில் இல்லை. அசையாமையும் சுகமும் வேண்டும், முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. உரைகாரர் வியாசர் சுமார் ஒரு டஜன் ஆசனங்களைப் பெயர் சொல்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்வாத்மாராமரின் ஹடயோக பிரதீபிகை பதினைந்தை விவரிக்கிறது. 1966-இல் வெளிவந்த பி.கே.எஸ். ஐயங்காரின் புகழ்பெற்ற ஆங்கில நூலிலோ ஏறத்தாழ இருநூறு! இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி நிகழ்ந்தது காக்ஸ் டவுனிலிருந்து சில மணி நேர இரயில் பயணத்தில் உள்ள மைசூரில்தான்.

அங்கே 1933-இல், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை தொடங்கியது. அதன் ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார், சாஸ்திரங்களில் ஆழ்ந்த புலமை கொண்டவர். யோகம் பெரிதும் புறக்கணிக்கப்பட்டிருந்த அக்காலத்தில் மக்களின் கவனத்தை ஈர்க்க அவரது மாணவர்கள் பல இடங்களில் ஆசனங்களைச் செய்து காட்டினர். கோலார் மாவட்டம் பெள்ளூரில் 1918-இல் பிறந்து, நோய்களால் நலிந்த சிறுவனாக 1934-இல் அங்கு வந்து சேர்ந்த ஐயங்கார் அவர்களுள் ஒருவர். கால்கள் இரண்டையும் முன்னும் பின்னும் நேர்க்கோடாக நீட்டி அமரும் ஹனுமானாசனத்தை, பழக்கமே இல்லாத நிலையில் செய்து காட்டும்படி ஆசான் பணித்ததையும், தொடையின் பின்புறத் தசைநார்கள் கிழிந்து நெடுநாள் அவதியுற்றதையும் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். ஆயினும், குருவிடம் கொண்ட பக்தியை அவர் கைவிடவில்லை.

இதை எப்படி மதிப்பிடுவது? நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கீதையின் பதினேழாம் அத்தியாயம் தவத்தை மூவகையாகப் பிரிக்கும்போது, பிறரது மதிப்பைப் பெறச் செய்வதை ராஜஸம் என்றும், மூடப் பிடிவாதத்தால் தன்னையே வதைத்துச் செய்வதைத் தாமஸம் என்றும் தள்ளிவிடுகிறது. திருவள்ளுவரோ, தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுப்பதையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையையுமே தவத்தின் வடிவமாகக் காண்கிறார். நேர்ந்த துன்பம் வேறு. வலியத் தேடிக்கொண்ட துன்பம் வேறு. மற்றொருவர் சுமத்தும் துன்பமோ இவ்விரண்டிலும் சேராது.

வியாசரின் உரை இன்னும் தெளிவானது. ஏனைய யம நியமங்கள் அனைத்தும் அஹிம்சையை வேராகக் கொண்டவை, அதை நிறைவு செய்யவே அவை உள்ளன என்கிறார் அவர். நியமங்களில் தவமும் ஒன்றுதானே! வேரை வெட்டிவிட்டுக் கிளையை வளர்க்க இயலாது. மேலும், மனத்தின் தெளிவைக் குலைக்காத அளவிலேயே தவம் பயிலத்தக்கது என்றும் அவர் வரையறுக்கிறார். ஆக, அளவுகோல் வலி அல்ல, மனத்தெளிவே.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சோம்பலும் தன்னை அஹிம்சை என்றே அழைத்துக்கொள்ளும். 'உடம்பை வருத்தாதே' என்று விடியற்காலையில் படுக்கையும் உபதேசிக்கும். கண்டிப்பே இல்லாமல் எவரும் முன்னேறியதில்லை. ஐயங்காரும் கண்டிப்பான ஆசிரியராகவே அறியப்பட்டவர். ஆனால் அவர் கட்டை, கயிறு, பட்டை, நாற்காலி ஆகியவற்றை ஆசனத்திற்குள் கொண்டுவந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. வளையாத உடம்பும் வளைந்த உடம்பின் பயனைப் பெறுவதற்கான வழி அது. கிருஷ்ணமாச்சாரியாரும் மாறினார். 1950-இல் மைசூர் யோகசாலை மூடப்பட்டது. 1952-இல் சென்னைக்கு வந்த அவர், ஒவ்வொருவரின் வயது, நோய், இயல்பு ஆகியவற்றுக்கு ஏற்பத் தனித்தனியே கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தார். அவர் பெயரால் 1976-இல் அவரது புதல்வர் தேசிகாச்சார் நிறுவிய யோக மந்திரத்தின் அடிப்படையும் அதுவே.

அந்தக் காக்ஸ் டவுன் அன்பர் மறுநாள் என்ன செய்யலாம்? காலை உணவுக்கு முன், பாயில் மடித்த போர்வையின் மீது சுகாசனத்தில் அமரலாம். முழங்கால் அதற்கும் இணங்காவிட்டால் நாற்காலியில், பாதங்கள் தரையில் பதிய அமரலாம். முதுகு, கழுத்து, தலை நேராக இருக்கட்டும். மூச்சை அடக்க வேண்டாம். அது உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் பத்து நிமிடம் கவனித்தால் போதும். கால் கெஞ்சினால் மெல்ல நீட்டிக்கொள்ளலாம். வெறும் சலிப்பால் எழுந்திருக்கத் தோன்றினால் இன்னும் ஒரு நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். எது கெஞ்சல், எது சலிப்பு என்பதைப் பக்கத்துப் பாயைப் பார்த்து அறிய முடியாது. கண்களை மூடிக்கொண்டு அவரேதான் கேட்டறிய வேண்டும்.