கேளாதவர்க்காகச் செய்யும் தேர்வு

கதவு செய்து தரும் தச்சர், தாழ்ப்பாளை உட்புறம் வைப்பதா, வெளிப்புறம் வைப்பதா என்று வீட்டுக்காரரைக் கேட்பதில்லை. கேளாமலே உட்புறம் வைத்துவிடுகிறார். வீட்டுக்காரரும் அதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்தவர் தச்சரே.

கணினிக்கு ஆணையிடும் நிரல்மொழிகளைப் படைப்போரும் இத்தகைய முடிவுகளைப் பலவாக எடுக்கின்றனர். பயன்படுத்துவோர் ஒன்றும் சொல்லாவிடில் மொழி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைப்பதை ‘டிஃபால்ட்’ என்பர். இயல்பு அமைப்பு என்று நாம் அதனைச் சொல்லலாம். விரும்பியவர் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. அவ்வாறாயின், அதனால் விளையும் தீங்கிற்குப் பொறுப்பாளி யார்?

இணையத்தளங்களை ஆக்கப் பெரிதும் பயன்படும் பி.எச்.பி. என்னும் மொழியை எடுத்துக்கொள்வோம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவிகளிலிருந்து வளர்ந்தது அது. அதில் ‘ரெஜிஸ்டர் குளோபல்ஸ்’ என்றோர் அமைப்பு இருந்தது. தளத்திற்கு வருபவர் படிவத்தில் நிரப்புவதும், இணைய முகவரியோடு சேர்த்து எழுதுவதும் நிரலுக்குள் அதே பெயருடைய மாறிகளாகத் தாமே வந்து அமர்ந்துவிடும். புதிதாகக் கற்போர்க்கு இது பெரிய வசதி. ஆகவே, இயல்பாகவே அது திறந்து வைக்கப்பட்டிருந்தது.

கடவுச்சொல் சரியாயின் ‘அனுமதி’ என்னும் மாறியை ‘ஆம்’ என ஆக்குகிறார் ஒருவர். தொடக்கத்தில் ‘இல்லை’ என்று எழுத மறந்துவிடுகிறார். வெளியாள் முகவரியிலேயே ‘அனுமதி = ஆம்’ என்று எழுதிக் கடவுச்சொல் இன்றி உள்ளே நுழைந்துவிடலாம். தொடக்க மதிப்பு தராத மாறியைச் சுட்டிக்காட்டும் அறிவிப்பும் இயல்பாக அடக்கியே வைக்கப்பட்டிருந்தது.

“எழுதியவர் கவனமாக எழுதியிருக்க வேண்டும்” என்பார் உளர். தவறு எழுதியவருடையதே, நாம் மறுக்கவில்லை. ஆனால், அறிந்தவர் அமைப்பை மாற்றிக்கொள்வார்; இயல்பு அமைப்பின் முழுப் பாரமும் விழுவது அறியாதவர் மீதுதான். அப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாதவரிடம், “நீ ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?” என்று கேட்பது நீதியாகாது. அதனினும் மேலாக, அத்தளத்தை நம்பித் தம் விவரங்களை ஒப்படைத்த மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் எந்தத் தேர்விலும் பங்கு கொண்டவரல்லர், இழப்போ அவருக்கு.

2002 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில் அவ்வமைப்பு இயல்பாக மூடப்பட்டது. உடனே வேறொரு துன்பம் எழுந்தது. பழைய வழக்கத்தை நம்பி எழுதிய நிரல்கள் இயங்க மறுத்தன. நெடுநாள் நின்ற இயல்பு அமைப்பும் ஒருவகை வாக்குறுதியே அன்றோ? 2012இல் வந்த 5.4 பதிப்பில்தான் அது முற்றாக நீக்கப்பட்டது. முதல்நாளில் எளிதாக எடுத்த முடிவைத் திரும்பப் பெறப் பத்தாண்டுகள் பிடித்தன.

அப்படியானால், எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. பிழைச் செய்திகளைத் திரையில் காட்டுவது நிரல் எழுதுவோர்க்கு உதவி; பொதுமக்கள் வரும் தளத்திலோ அதுவே உட்செய்திகளை அயலார்க்குக் காட்டிக்கொடுக்கும். காட்டுவதும் காட்டாதிருப்பதும் இரண்டும் தேர்வுகளே. எனவேதான் அம்மொழியோடு உருவாக்கத்திற்கு ஒன்றும், பொதுப் பயனுக்கு ஒன்றுமாக இரு மாதிரி அமைப்புக் கோப்புகள் தரப்படுகின்றன.

எனில், உரைகல் யாது? மறதி நேர்ந்தால் எந்தப் பிழை தன்னைத் தானே வெளிப்படுத்தும் என்று கேட்டுப் பார்ப்பதே நமக்குத் தோன்றும் வழி. மூடிய கதவு உடனே தெரிந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே நாம் திறந்துகொள்வோம். திறந்து கிடக்கும் கதவோ, திருடன் வந்து போகும்வரை யாருக்கும் தெரியாது. முன்னதில் இழப்பு சற்று நேரம். பின்னதில் பிறர் உடைமை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது.

பெற்றோர் பிள்ளைகட்காகவும், கற்றோர் கல்லாதோர்க்காகவும் இவ்வாறே நாள்தோறும் முடிவு செய்கின்றனர். கேளாதவர்க்காக நாம் செய்யும் தேர்வு, அவர் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதம். நமக்கு எது எளிது என்று பாராமல், அவர் அறிந்திருந்தால் எதைக் கேட்டிருப்பார் என்று பார்த்து அதனைக் காப்பதே நம் கடமை.