வீட்டில் ஆக்கினால் மது ஆகாதோ?

மது, புலால், தேன் ஆகிய மூன்றும் நமக்கு விலக்கு என்பதை நம் இல்லங்களில் சிறு குழந்தைகளும் அறிவர். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஐந்து அணுவிரதங்களோடு இம்மூன்றின் விலக்கையும் சேர்த்து, இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களாக வகுத்தருளினார். அருங்கலச்செப்பு அவ்வறத்தைத் தமிழில் நமக்கு வழங்கிற்று. ஆதலின் ‘மது அருந்தலாமா?’ என்னும் வினா நம்மிடையே எழுவதில்லை. இன்று எழுவது, ‘இது மதுவா?’ என்னும் வினா.

நகரங்களில் பணிபுரியும் நம் இளையோர், பக்கத்து வீட்டார் கிறிஸ்துமஸ் நாளுக்கென ஆக்கும் திராட்சை ஒயினைக் காண்கின்றனர். செய்முறையும் எளிது, செலவும் குறைவு. “பழமும் சர்க்கரையும் தவிர இதில் என்ன இருக்கிறது? கடைச் சரக்கா இது? இட்லி மாவு புளிப்பதில்லையா? தயிர் உறைவதில்லையா? சிறு கிண்ணம் பருகினால் யார் மயங்கிவிடப் போகிறார்கள்?” என்று கேட்கின்றனர். இவ்வாறு கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்குதல் எளிது. ஆனால் அதட்டப்பட்ட வினா அழிவதில்லை. வேறிடம் சென்று விடை தேடும். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் பல்லாண்டுகள் கூறிவந்தது இதுவே. எனவே வினாவை வினாவாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதலில் பொருளின் இயல்பு. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை போன்ற கறுப்புத் திராட்சையைக் கழுவி மசித்து, சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, சிலர் சிறிது கோதுமையும் பட்டை கிராம்பும் இட்டு, பீங்கான் ஜாடியில் வேடு கட்டி வைப்பர். நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரங்களுக்குப் பின் வடிகட்டுவர். இந்நாள்களில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு பல்கிப் பெருகுகிறது. ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை மாறினால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் உண்டாகும். 200 கிராம் மாறினாலோ ஏறத்தாழ 12 விழுக்காடு. கடையில் விற்கும் பீரில் பொதுவாக இருப்பது இதனினும் குறைந்த அளவே. ஆகவே ‘வெறும் பழச்சாறு’ என்னும் பெயர் இதற்குப் பொருந்தாது. வீட்டில் ஆக்கியதால் பொருளின் குணம் மாறுவதில்லை.

இனி அறநூல்கள் கூறும் காரணங்கள். அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்தசித்தியுபாயத்தில் இரண்டு காரணங்களைக் காட்டுகிறார். மது மனத்தை மயக்கும். மயங்கிய மனம் அறத்தை மறக்கும். அறம் மறந்தவன் அச்சமின்றி இம்சை செய்வான் என்பது ஒன்று. மது பல உயிர்கள் தோன்றும் இடமாதலின் அதனைப் பருகுவோன் அவ்வுயிர்களுக்கு ஊறு செய்கிறான் என்பது மற்றொன்று.

இரண்டாம் காரணத்தைக் கேட்டவுடன், அறிவியல் நம் நூலை மெய்ப்பித்துவிட்டது என மகிழ்வோர் உண்டு. 1680-இல் லீவன்ஹூக் நுண்ணோக்கியில் ஈஸ்டைக் கண்டார். நொதித்தல் உயிர்களின் செயலே என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்டர் நிலைநாட்டினார். இவை உண்மையே. எனினும் இவ்வாதத்தை மட்டும் பற்றிக்கொண்டால் பிள்ளைகள் இட்லியைக் காட்டி நம்மை மடக்குவர். அது நியாயமும் ஆகும். இட்லி மாவிலும் தயிரிலும் நுண்ணுயிர்கள் உள்ளன. இது பற்றியே அவற்றிற்குக் காலவரம்பு வகுத்தனர் நம் முன்னோர். புளித்தவற்றை அறவே தவிர்க்கும் விரதியரும் நம்மிடையே உளர். மற்றோர் உண்கின்றனர். அவ்வாறாயின் வேறுபாடு யாது?

வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. சமைத்தல், கூட்டுதல், நீர் இறைத்தல் முதலிய இல்லறத் தொழில்களில் நேரும் ஊறு ஆரம்ப இம்சை எனப்படும். உடலை ஓம்பும் இல்லறத்தான் அதனை முற்றும் நீக்க இயலாது; இயன்ற மட்டும் குறைக்கிறான். பசிக்கு உணவாகும் மாவு இரவில் புளிப்பது அவ்வகையது. அங்கு வேண்டப்படுவது மென்மையும் சுவையும். ஜாடியில் வேண்டப்படுவதோ மயக்கும் பொருளே. அதற்கெனச் சர்க்கரை ஊட்டி உயிர்களைப் பெருக்குகிறோம். சர்க்கரை தீர்ந்தோ, தாம் ஆக்கிய ஆல்கஹால் மிகுந்தோ அவை அங்கேயே மடிந்து மண்டியாக அடியில் தங்குகின்றன. பசி தீர்க்காத ஒன்றின் பொருட்டு இத்தனை உயிர்களை வளர்த்து மாய்ப்பதற்கு ‘தவிர்க்க இயலாது’ என்னும் சமாதானம் இல்லை.

முதற் காரணம் இதனினும் ஆழமானது. விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. விழிப்பே அஹிம்சையின் வேர். ஆகவே விழிப்பைக் குறைப்பது எதுவோ அது எல்லா விரதங்களையும் ஒருசேரத் தளர்த்தும். ‘சிறு கிண்ணத்தால் மயக்கம் வாராதே’ என்பர். ஒரு மிடறு பருகியவர் தள்ளாடுவதில்லை என்பது மெய். பொய் கூறி அச்சுறுத்துதல் நமக்கு அழகன்று. ஆனால் ‘இவ்வளவு போதும்’ என்று முடிவு செய்யும் அறிவு எது? மது முதலில் தொடுவது அந்த அறிவைத்தான். தராசையே அரிக்கும் பொருளை அத்தராசில் இட்டு எவ்வாறு எடை காண்பது? விரதம் பூண்டவர்க்கு இத்தொல்லை இல்லை. நாள்தோறும் அளவு பார்க்கும் சுமையை அது ஒரே முறையில் இறக்கி வைத்துவிடுகிறது.

‘செலவு குறைவு’ என்பதும் சிந்திக்கத்தக்கது. விலையும், கடை வாயிலில் நிற்கும் கூச்சமும் பலர்க்கு வேலியாக நிற்கின்றன. ஜாடி சமையலறை அலமாரிக்கு வந்தபின் அவ்வேலி இல்லை. குழந்தைகளின் கைக்கும் எட்டும். மேலும், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி வீட்டில் மது ஆக்குவதையும் விலக்குகிறது.

எஞ்சியது அண்டை வீட்டாரின் அன்பு. அவர்தம் சமயத்தில் விலக்கப்படாத ஒன்றை விழா நாளில் நமக்கு நீட்டுகின்றனர். அதற்காக அவரைப் பாவி என்று எண்ணுவது அநேகாந்தம் கற்றவர்க்குத் தகாது. கிறிஸ்தவ சமயத்தாருள்ளும் இதைப் பற்றிச் சிந்தித்தோர் உண்டு. 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்பவர், திருச்சபை வழிபாட்டில் மதுவுக்கு மாற்றாகப் பயன்படும்பொருட்டு, திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைக் கையாண்டார்.

நாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், உடன் பணியாற்றிய ஆங்கிலோ-இந்திய அம்மையார் ஆண்டுதோறும் டிசம்பரில் ஒயின் ஆக்குவார். “அம்மா, எங்கள் நெறியில் இதற்கு இடமில்லை, உங்கள் அன்புக்கு உண்டு” என்று நாம் சொன்னபோது அவர் வருந்தவில்லை. மறு ஆண்டு முதல், ஈஸ்ட் இடுமுன் ஒரு குவளைச் சாற்றை எமக்கெனத் தனியே எடுத்து வைத்து, அன்று மாலையே, பொழுது சாயுமுன், கொண்டுவந்து தந்தார். நெறியை மறைத்துப் பொய்க்காரணம் கூறியிருந்தால் அந்தக் குவளை வந்திராது.

ஆகவே பெற்றோர்க்கும் தாத்தா பாட்டியர்க்கும் நாம் விண்ணப்பிப்பது: பிள்ளைகள் கேட்டால் காரணம் கூறுங்கள், அறிவியலையும் மறையாமல் கூறுங்கள். திராட்சை வாங்குங்கள், சாறு பிழிந்து அன்றே, பகலிலேயே, எல்லோரும் கூடிப் பருகுங்கள். அண்டை வீட்டார்க்கும் ஒரு குவளை கொடுத்தனுப்புங்கள். விலக்கு என்பது சுவையை வெறுப்பதன்று, விழிப்பைக் காப்பது என்பதைப் பிள்ளைகள் அதன்வழி உணர்வர்.