காயம் கட்டுகிற தேவன்



இந்த மாதத் தியானத்துக்கு 2 இராஜாக்கள் 20-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் கிடக்கிறார். சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறார். ஏசாயா அரமனையை விட்டு வெளியே போய்ச் சேருவதற்குள் பதில் வந்துவிட்டது. ஆயுசில் 15 வருஷம் கூட்டல்! அல்லேலூயா! அதோடு விஷயம் முடிந்ததா? 7-ம் வசனத்தைப் பாருங்கள். அத்திப்பழத்தைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைத்துக் கட்டுகிறார்கள். வாக்குத்தத்தம் வந்த பிறகும் மருந்து!

"ஜெபம் பண்ணியாச்சு பாஸ்டர், இனி கட்டுப் போட்டா அவிசுவாசம் ஆயிடாதா?" என்று கேட்கிறவர்கள் நமக்குள் உண்டு. ஏசாயா தீர்க்கதரிசியை விடவா உங்களுக்கு விசுவாசம்?

தேவன் இந்தச் சரீரத்தை எப்படிச் சிருஷ்டித்திருக்கிறார் என்று கொஞ்சம் யோசியுங்கள். அறுப்பு நேரத்தில் கருக்கரிவாள் தவறி விரலை அறுத்துவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது? திருக்காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். குடமுருட்டிக் கரை உடைத்துக்கொண்டால் என்ன செய்வோம்? தலைப்பில் ஷட்டரை இறக்கச் சொல்லி ஒரு ஆள் ஓடுவார். மற்றவர்கள் சவுக்குக் கட்டை அடித்து, தட்டி வைத்து, மணல் மூட்டையைப் போடுவார்கள். அதே வேலைதான் இங்கேயும். வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் தானே சுருங்கிக்கொள்கிறது. அதுதான் ஷட்டர். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையில் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் மூட்டை. பிறகு ஃபைப்ரின் என்ற நூல் வலைபோலப் பின்னி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. சில நிமிஷ வேலை. நாம் இன்னும் கிழிந்த வேட்டியைத் தேடிக்கொண்டிருப்போம்!

மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, விண்விண்ணென்று வலிக்கும். இதுவும் ஆண்டவர் வைத்த ஏற்பாடுதான். ரத்தக்குழாய்கள் விரிந்து வெள்ளையணுக்களுக்கு வழிவிடுகின்றன. முதல் பட்டாளம் கிருமியை விழுங்கித் தானும் சாகிறது. இரண்டு மூன்று நாளில் பெரிய அணுக்கள் வந்து, செத்ததையெல்லாம் தின்று இடத்தைச் சுத்தம் பண்ணுகின்றன. சேற்றை உழுது பரம்படித்த பிறகுதானே நடவு? அதுபோல அதற்குப் பின்புதான் கொலாஜன் என்ற நார் உண்டாகிறது, புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன, ஓரத்துத் தோல் மெல்ல நகர்ந்து வந்து மூடுகிறது. ஆனால் சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது இந்த வேலையைக் கெடுக்காமல் இருப்பதுதான். சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும், சுத்தமான துணியால் கட்ட வேண்டும், டெட்டனஸ் ஊசி போட வேண்டும். நம்ம ஆட்கள் காபித்தூளை வைத்து அப்புகிறார்கள், சுண்ணாம்பு வைக்கிறார்கள், சாணியைக்கூட வைக்கிறார்கள். சாணியில் டெட்டனஸ் கிருமியே இருக்கும்! எரேமியா 6:14-ல் காயத்தை மேலோட்டமாக ஆற்றுகிறவர்கள்மேல் கர்த்தர் கோபப்படுகிறார். மேலே மூடி உள்ளே சீழ் கட்டின புண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

தோல் மூடிவிட்டாலும் வேலை முடியவில்லை. ஒரு வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மூன்று மாதத்தில் சுமார் 80 சதவீதம் வரும். அதற்குமேல் அவ்வளவாக ஏறுவதில்லை. தழும்பு தழும்புதான். உயிர்த்தெழுந்த நம் ஆண்டவரும் தழும்புகளோடுதானே தோமாவுக்கு முன் நின்றார்!

வலியையும் தேவன் காரணமில்லாமல் வைக்கவில்லை. இதை வேலூரில் கண்டுகொண்ட ஒரு தேவ மனுஷன் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு சர்ஜனாக வந்தார். தொழுநோயாளியின் சதை தானே அழுகி விழும், அது ஆறவே ஆறாது என்று வைத்தியர்களே நம்பின காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் தரையில் ரத்தம்! எலும்பு தெரிகிற அளவுக்கு விரல் அறுந்திருக்கிறது, பையனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அப்போதுதான் டாக்டருக்கு வெளிச்சம் வந்தது. சதைமேல் குற்றமில்லை, நரம்பு மரத்துப்போனதே குற்றம். ராத்திரியில் எலி விரலைக் கடித்தாலும் விழிக்காத நோயாளிகள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது பூனையைக் கொடுத்தனுப்பினார்களாம்! உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, மிதிபடாமல் காத்தபோது, வெகுகாலம் ஆறாத புண்களும் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின. ஸ்தோத்திரம்! அவர் 2003-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இன்றைக்குத் தொழுநோய்க்கு மாத்திரை வந்து முழுச் சுகம் உண்டு. ஆனால் அதே மரத்துப்போதல் சர்க்கரை வியாதியாக நம் சபைப் பாய்களிலேயே உட்கார்ந்திருக்கிறது.

"என்னங்க, நீங்க நடந்த இடமெல்லாம் ரத்தமா இருக்கே?"

"எனக்கு ஒண்ணும் தெரியலியே!"

வயலில் நத்தை ஓடு குத்தியிருக்கும். சர்க்கரை கூடினவர்களுக்கு நரம்பு மரத்துவிடுகிறது, காலுக்குப் போகும் ரத்தக்குழாயும் குறுகிவிடுகிறது. உடைப்பை அடைக்க ஆட்கள் வர வழியில்லை! இதில் மிகவும் வேதனையான காரியம் ஒன்று உண்டு. புண் இருக்கிறது, வலி இல்லை. உடனே "கர்த்தர் சுகம் தந்துவிட்டார்" என்று எழுந்து சாட்சி சொல்லிவிடுகிறார்கள். நாமும் கைதட்டிவிடுகிறோம். அது சுகமல்ல பிரியமானவர்களே, அது எச்சரிப்பு மணி அறுந்துபோனது! இப்படியிருந்து விரலையும் பாதத்தையும் இழந்தவர்கள் உண்டு.

கர்த்தர் ஒரே நொடியில் சுகமாக்க வல்லவர். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மல்குஸின் காதைத் தொட்டுச் சுகமாக்கினவர் அவர். காது வெட்டுப்பட்டதை நான்கு சுவிசேஷகரும் எழுதினார்கள், சுகமானதை எழுதினவரோ வைத்தியனாகிய லூக்கா மாத்திரமே. நல்ல சமாரியனின் எண்ணெயையும் திராட்சரசத்தையும் எழுதிவைத்தவரும் அவர்தான்.

ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். கால் மரத்துப்போனவருக்காக வேறொரு அவயவம் பார்க்கத்தான் வேண்டும். ஆகவே வாலிபத் தம்பிகளே, தங்கச்சிகளே, இன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ள அப்பாவையோ ஆத்தாவையோ உட்காரவைத்து, பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு, உள்ளங்கால், குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். நம் ஆண்டவர் சீஷர்களின் பாதங்களைக் கையில் ஏந்தினாரே! கொப்புளமோ வெடிப்போ புண்ணோ இருந்தால், வலி இல்லை என்று அவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள். தலையில் கைவைத்து ஜெபம் பண்ணுங்கள். காலையில் முதல் பஸ்ஸுக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.