மௌனம் சம்மதமா?

என் காருக்கு வாய் அதிகம். பின்னால் எடுப்பதற்காகக் கியரைப் போட்டேனோ இல்லையோ, 'பீப், பீப்' என்று ஆரம்பித்துவிடும். வேலியோரத்துப் புல் காற்றில் ஆடினால் கத்தும். ஆடு குறுக்கே போனால் கத்தும். லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்று பிரேக்கிலிருந்து 'புஸ்' என்று காற்றை விட்டால் அதற்கும் ஒரு கூச்சல். எல்லாவற்றுக்கும் குறை சொல்லும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கேட்டும் கேளாதது போலப் போய்விடுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இது என் ஒருவனுடைய குறை அல்ல. நான் இருப்பது செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லம். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. மராட்டியரின் போர்க்கோட்டைகள் என்று சேர்த்து எடுத்த பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். விடுமுறை நாளில் ராஜகிரியின் அடிவாரத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். நிறுத்த இடம் தேடும் கார்கள் ஒன்றோடொன்று சண்டை போடுவது போலக் கத்திக்கொண்டிருக்கும். "அடச் சீ, சும்மா இரு!" என்று தம் காரையே அதட்டிய ஒரு கனவானை அங்கே பார்த்தேன். "இது கத்தினால் எரிச்சல், கத்தாவிட்டால் பயம்" என்றார் அவருடைய நண்பர். அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்குப் பிறகு உற்பத்தியாகும் கார்களில் இந்த எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் புதிய கார் வாங்குகிற எவரும் இந்தக் குரலுக்குக் காது கொடுத்தே ஆகவேண்டும். எப்படிக் காது கொடுப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு எழுந்தது ஒரு மத்தியான வேளையில்.

மல்லாட்டை பிடுங்கிக் காயப்போடும் பருவம். வேர்க்கடலை என்று நீங்கள் சொல்வதை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறாள். எண்பதைத் தாண்டியிருக்கும், காதும் மந்தம். தெருவில் நிறுத்தியிருந்த என் காரின் நிழலில், பின்பக்கமாகக் குந்தி, முறத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவசரமாக வீட்டிலிருந்து வந்து ஏறினேன். கியரைப் போட்டேன். என்ன ஆச்சரியம்! வாயாடிக் கார் வாயே திறக்கவில்லை. 'இன்றைக்காவது நிம்மதி' என்று நினைத்தேன். வண்டி நகர்ந்தது. சக்கரத்தின் கீழே 'மொறுக்' என்று ஒரு சத்தம்.

பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். நொறுங்கியது முறம். முறத்துக்கும் ஆயாவின் முழங்காலுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஒரே ஒரு சாண்!

எனக்குக் கை கால் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் எது தெரியுமா? மன்னிப்பு அல்ல. "இந்தச் சனியன் ஏன் கத்தவில்லை?" என்று காரைத்தான் திட்டினேன். ஆயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூடியிருந்தவர்களில் ஒருவர், பின்னால் ஆள் இருந்தால் கத்துகிற கருவி அது என்று அவள் காதருகே உரக்கச் சொன்னார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது கத்தலன்னா, நீ திரும்பிப் பாக்கக் கூடாதாப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது போலத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு காரோடு கொடுத்த புத்தகத்தை முதல் தடவையாகப் பிரித்துப் படித்தேன். இந்தக் கருவி செய்கிற வேலை வௌவாலின் வேலை. காரின் பின்புறத்தில் காசளவு வட்டங்கள் சில இருக்கின்றன அல்லவா? அவை மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்புகின்றன. வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி நமக்குக் கேட்காது. அது எதன் மீதாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கிட்டு, தூரத்தை அறிந்து, நம்மை எச்சரிக்கிறது. ஆனால் மெல்லிய கம்பமும் கயிறும் அதற்குத் தப்பிவிடலாம். தரையோடு தாழ்ந்திருப்பது தப்பிவிடலாம். மெத்தென்ற துணி ஒலியை விழுங்கிவிடும். வட்டத்தில் சேறு அப்பியிருந்தாலும் வேலை கெடும். தாழக் குந்தியிருந்த ஆயா, அவளுடைய நூல் புடைவை, என் வண்டியில் முதல் நாள் மழைச் சேறு! எது காரணமாக இருந்தால் என்ன? அத்தனை காரணங்களும் அன்று அங்கே இருந்தன.

கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: சுற்றுப்புறத்தைப் பார்த்து ஓட்டும் பொறுப்பு ஓட்டுபவருடையது என்ற அர்த்தத்தில். விற்கும்போது 'கவலையை விடுங்கள்' என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் பொடி எழுத்தில் 'கவலை உங்களுடையது' என்பது என்ன நியாயம் என்று முதலில் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எரிச்சலோடு படித்தாலும் உண்மை உண்மைதானே? பொடி எழுத்தில் இருந்ததும் ஆயா கேட்டதும் ஒன்றுதான்.

சிறு வயதில் செஞ்சிக் கடைத்தெருவில் லாரிகள் பின்வாங்குவதை நின்று வேடிக்கை பார்ப்பேன். கிளீனர் பையன் இறங்கிப் பின்னால் ஓடுவான். லாரியின் பலகையைத் தட்டிக்கொண்டே, "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி... வரலாம்..." என்று குரல் கொடுப்பான். "ஹோல்டான்!" என்றால் லாரி நிற்கும். ஆனால் அந்த வார்த்தை இல்லாமலே லாரி நிற்கும் சமயமும் உண்டு. பையனின் குரல் நின்றுவிட்டால் போதும், டிரைவர் உடனே பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டி, "டேய், எங்கடா போனே?" என்பார். குரல் இருக்கும் வரைதான் வண்டி நகரும். குரல் நின்றால் ஏதோ ஆபத்து என்று அர்த்தம்.

ரயில்வேக்காரர்களும் இந்த ஞானத்தைத்தான் இரும்பில் செய்து வைத்தார்கள். பழைய கைகாட்டியின் கம்பி அறுந்தால், கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். ஓடுகிற ரயிலில் பெட்டிகளுக்கு இடையே பிரேக் குழாய் பிய்ந்தால், தானாகவே பிரேக் பிடித்து ரயில் நிற்கும். கெட்டுப்போகிற பொருள் நம்மை நிறுத்திவிட்டுக் கெட்டுப்போக வேண்டும் என்பது அவர்கள் தீர்மானம்.

என் காரில் நடந்தது நேர் எதிர். கத்தினால் நில், மௌனமாக இருந்தால் போ. வழியில் ஒன்றும் இல்லையென்றாலும் மௌனம். சேறு அடைத்துக் கருவி செவிடாகிவிட்டாலும் அதே மௌனம். இந்த இரண்டு மௌனத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் சக்கரத்தை உருட்டினேன். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மவர்கள் ஒரு வசனம் வைத்திருக்கிறார்களே, அதைப் போல ஆபத்தான வசனம் வேறொன்று இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று கொண்டு கல்யாணம் முடித்த குடும்பங்கள் எத்தனை! வேலைக்காரனின் மௌனத்தைத் திருப்தி என்று கொண்ட எஜமானர்கள் எத்தனை பேர்! கேட்டுத் தெரிந்துகொள்ளச் சோம்பல்படுகிறவனுக்கு மௌனம் மிகவும் சௌகரியமான பதில்.

அப்படியானால் கருவியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? கண்ணும் கழுத்தும் இருந்தன" என்று சொல்லும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், நியூயார்க் பக்கத்தில், ஒரு தகப்பனார் தம் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். அவர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். பின்னால் நின்றிருந்தது அவருடைய இரண்டு வயது மகன். கண்ணாடிகளுக்கு எட்டாத இடம் ஒன்று உயரமான வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. குழந்தை அந்த இடத்தில் இருந்தது. அது பிழைக்கவில்லை. 2008-ல் அந்தக் குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் பிறந்தது. 2018 மே மாதத்திலிருந்து அந்த நாட்டில் விற்கும் புதிய கார்களில் பின்புறத்தைக் காட்டும் காமிரா கட்டாயம் ஆயிற்று. இதைப் படித்தபின், நம் கண்ணே போதும் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அந்தக் கருவிகளுக்குப் பின்னால் பெற்றவர்களின் கண்ணீர் இருக்கிறது. அவை கத்தும்போது எரிச்சல்படுகிற உரிமை நமக்கு உண்டு. அலட்சியம் செய்கிற உரிமை இல்லை.

2003-ல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனி, தானே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓரத்தில் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாட்டைப் பிரியஸ் காரில் கொண்டுவந்தது. அதிலும் பிரேக்கை மட்டும் மனிதனின் காலடியிலேயே விட்டிருந்தார்கள். நாளைக்குப் பிரேக்கையும் கருவியே பிடிக்கலாம். சில கார்களில் ஏற்கெனவே பிடிக்கிறது. பிடிக்கட்டும். வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். உதவியை யாரிடமிருந்தும் பெறலாம். ஆனால் 'பின்னால் ஒரு உயிர் இருக்கிறதோ?' என்ற சந்தேகத்தை மட்டும் ஒப்படைக்க முடியாது. கருவிக்குத் தெரிவது தூரம். அந்தத் தூரத்தின் முடிவில் இருப்பது புல்லா, ஆயாவா என்று கவலைப்படுவதற்கு ஒரு மனசு வேண்டும்.

மறுவாரம் செஞ்சிச் சந்தையிலிருந்து ஆயாவுக்குப் புது முறம் வாங்கிக் கொடுத்தேன். "பழசே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். இன்னமும் அவள் என் கார் நிழலில்தான் உட்காருகிறாள். நிழல் யாருக்குச் சொந்தம்?

இப்போதெல்லாம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அந்த வட்டங்களைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ஏறுவதற்கு முன், "ஆயா, வண்டி எடுக்கப் போறேன்!" என்று கத்துகிறேன். அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு மெல்ல எழுந்து திண்ணைக்குப் போய்ச் சேருவாள். அங்கிருந்து, "எடுப்பா" என்பாள்.

அந்தக் குரல் வந்தபிறகுதான் கியரைப் போடுகிறேன். வராத நாளில் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன்.