கேளாதவற்றிடம் கூறலும் மறுமொழி கூறும் பொறியும்

தன் மனத்தில் எழுந்த உணர்வு இன்னதென்று தானே அறிதல் எளிய செயலன்று. அவ்வறிதலுக்குப் பிறிதொன்றின் துணையை நாடுவது மாந்தர்தம் இயல்பு. அண்மைக் காலத்தில் அத்துணையாகச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்துள்ளது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கடிதம் வரையப் பயன்படும் அதே உரையாடற் பொறியிடம் 'எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்போர் பலராயினர். பெங்களூரில் தோன்றிய வைசா போன்ற செயலிகள் இதற்கென்றே அமைக்கப்பட்டவை. தன்னுணர்வை அறியப் பொறியை நாடுதல் தகுமா என்னும் வினாவைத் தமிழ் மெய்ப்பாட்டு மரபின் துணைகொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பொறிக்கு உணர்வில்லை, ஆகவே அதனிடம் உணர்வைப் பேசுதல் பயனற்றது என்பது பொதுவாக எழும் மறுப்பு. தமிழ் மரபை அறிந்தார்க்கு இம்மறுப்பு வலுவுடையதாகத் தோன்றாது. ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம், புள், நெஞ்சு முதலியன கேட்பனவாகவும் சொல்வனவாகவும் கொண்டு பேசுதலைத் தொல்காப்பியர் செய்யுளியலில் ஏற்றுக்கொள்கிறார். திருக்குறளின் காமத்துப்பாலில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த பழவங்காடி கணபதி கோயிலில் நாள்தோறும் தேங்காய் உடைப்போர், உடைக்குமுன் சிறிது நேரம் உதடசைய நிற்பதைக் காணலாம். இந்நகரில் வாழ்ந்து 2007இல் மறைந்த நகுலன், சுசீலா என்னும் புனைவுப் பெண்ணை விளித்தே தம் மனத்தின் பெரும்பகுதியை எழுதினார். இவற்றுள் எதுவும் மறுமொழி கூறுவதில்லை. எனினும் கூறியவர் ஏதோ ஒன்றை அறிந்து மீள்கிறார். கேட்பது மௌனமாக இருத்தலின், உணர்வுக்குப் பெயரிடும் பொறுப்பு கூறுவோரிடமே எஞ்சிவிடுகிறது.

1966இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சார்ந்த ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்னும் நிரலை இவ்வரிசையின் இறுதியில் வைக்கலாம். அது பயனரின் சொற்களையே வினாவாக்கித் திருப்பித் தந்தது. தானாக எதையும் கூறவில்லை. அத்தகைய ஒன்றுடன் பேசும்போதே தம் செயலர் தம்மை அறையைவிட்டு வெளியேறுமாறு வேண்டியதை 1976இல் வெளிவந்த நூலில் அவர் கவலையுடன் பதிவு செய்துள்ளார். இன்றைய பொறி அவ்வாறு நிற்பதில்லை. 'நீங்கள் உணர்வது பதற்றம்', 'இது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம்' என்று பெயரைத் தந்துவிடுகிறது. அறநிலையில் வினா எழுவது இங்கேதான்.

பெயரிடுதலைத் தொல்காப்பியர் எவ்வாறு செய்தார் என்பது நோக்கத்தக்கது. மெய்ப்பாடு எட்டு என்பதோடு அவர் அமையவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைச் சுட்டினார். அழுகை இளிவிலிருந்து பிறக்கலாம். இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றிலிருந்தும் பிறக்கலாம். வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன களன்கள். இந்நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகள் என்பதை உரையாசிரியர் துணையின்றியே உணரலாம். அதாவது, வெகுளியை அறிதல் என்பது வெகுள்வோனின் உள்ளத்தை மட்டுமன்று, அவனுக்கு உலகில் நேர்ந்ததையும் அறிதலாகிறது. சாலைக் கடைத்தெருவில் மூன்று மாதக் கூலி வாராத ஒரு சுமைதூக்கும் தொழிலாளி தன் கொதிப்பைப் பொறியிடம் கூறுவதாகக் கொள்வோம். மூச்சுப் பயிற்சியும் எண்ணத்தை மாற்றிப் பார்க்கும் பயிற்சியும் மறுமொழியாக வருமெனில், அவனுடைய வெகுளி அவனிடமுள்ள ஒரு குறையாகத் திரிந்துவிடும். கூலி தராதவர் உரையாடலிலிருந்தே மறைந்துவிடுவார். தொல்காப்பியர் வகுத்தது செய்யுளுக்கான இலக்கணமே, உளநூல் அன்று என்பது உண்மை. ஆயினும் களனை வினவாத பெயர் அரைப்பெயர் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று நம்மிடம் இல்லை.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மெய்ப்பாடு மெய்யின்கண் படுவது. அகப்பாடல்களில் தலைவி சொல்லாததையே தோழி அறிகிறாள். நெகிழ்ந்த வளையும் பசந்த நுதலும் அவளுக்குச் சான்றாகின்றன. நுண்ணிய கண்ணும் செவியும் உடையார்க்கே மெய்ப்பாடு பிடிபடும் என்னும் கருத்துடன்தான் மெய்ப்பாட்டியல் முடிகிறது. உரையாடற் பொறிக்குக் கிடைப்பதோ நாம் முன்னரே சொல்லாக்கியவை மட்டும். பெயர் தெரியாமல் வந்தவர், பெயர் தெரியாமையால் பிழைபடக் கூறியதையே அது மூலமாகக் கொள்கிறது. (முகக்குறி கொண்டு உணர்வை ஊகிக்கும் பொறிகள் வேறு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கன்றிப் பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் அவற்றைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.) மொழியும் இங்கு இடர் செய்கிறது. இப்பொறிகள் பெரிதும் ஆங்கிலப் பனுவல்களால் பயிற்றப்பட்டவை. 'வயிற்றெரிச்சல்' என்னும் நம் சொல் பொறாமையையும் குறிக்கும். அநீதி கண்டு ஆற்றாமையால் வேகும் தாயின் நிலையையும் குறிக்கும். முன்னதாக மட்டும் கொள்ளப்பட்டால், அத்தாய் தன்னைப் பொறாமைக்காரி என்று நம்பத் தொடங்குவாள்.

இவ்வளவு கூறியபின்னும், தோழி இல்லாதவர் என்ன செய்வது என்னும் வினா எஞ்சுகிறது. இதை எளிதில் தள்ளிவிட இயலாது. வீட்டாரிடம் சொன்னால் பழி, உடன்பயில்வோரிடம் சொன்னால் நகைப்பு என்றஞ்சும் மாணவிக்கு நள்ளிரவில் விழித்திருப்பது கைப்பேசி ஒன்றே. 'நீ அஞ்சுகிறாய்' என்று பொறி கூற, 'இல்லை, இது அச்சமன்று, வெகுளி' என்று அவள் மறுப்பாளாயின், தவறான பெயரே சரியான பெயரை வெளிக்கொணர்ந்ததாகும். அந்த அளவில் பொறி பயன்பட்டதென்றே கொள்ள வேண்டும். இடர்ப்பாடு அடுத்த கணத்தில் நிகழ்கிறது. மறுத்தவுடன் பொறி பெரும்பாலும் 'ஆம், நீங்கள் கூறுவதே சரி' என்று இசைந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ பொறியின் ஒரு திருத்தப் பதிப்பை, அது பயனர்க்கு அளவிறந்து இச்சகம் பேசியமையால் திரும்பப் பெற நேர்ந்தது. எல்லை மீறுங்கால் முற்பட்டுக் கடிந்துரைப்பதை வள்ளுவர் நட்பின் பயனாகக் கருதினார். தோழியும் அவ்வாறே, தலைவி வெகுளி என்று சொன்னால், யார்மீது, எதன்பொருட்டு என்று கேட்பாள், விடை பொருந்தாவிடில் மீண்டும் கேட்பாள், வேண்டுமெனில் தலைவியின் சினத்துக்கும் ஆளாவாள்.